கொழுந்துக் கூடையும் ஈரலும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது சங்கச் செயலாளர், "மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாய், புதிய மருந்துகளைப் பற்றி ஏதாவது சொல்லு. ஆனால் எல்லோருக்கும் விளங்க வேண்டும்" என்றார். பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சரும் இதையேதான் சொல்வார். "உன் அப்பாயிக்கு விளங்கும்படி சொல்ல முடியவில்லை என்றால் உனக்கே விளங்கவில்லை என்று அர்த்தம்" என்பார். ஆகவே இன்று என் அப்பாயிக்குச் சொல்வது போலவே சொல்லப் போகிறேன். அவர் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். நான் சொல்லப்போகும் விஷயத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல தகுதி இல்லை.

முதலில் என் வீட்டுக் கதை. நான் பசறைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மெலிந்த மனிதர். சாராயம் தொடமாட்டார். அவருடைய இரண்டு குதிகால்களுக்கும் மேலே, பின்பக்க நரம்பில், புளியங்கொட்டை அளவில் கட்டி போலத் தடித்திருக்கும். மலை ஏறி இறங்கிக் காய்த்துப் போனது என்று நாங்கள் நினைத்தோம். கண் இமை ஓரத்தில் மஞ்சளாக இரண்டு புள்ளிகள் இருந்தன. அது அதிர்ஷ்டம் என்று அப்பாயி சொல்வார். 1986 ஆம் ஆண்டு, 43 வயதில், இரவு வேலை முடிந்து வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. மாரடைப்பு என்றார்கள். அப்போது நான் ஏழாம் வகுப்பு. அடுத்த வாரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இந்த வாசலால்தான் திரும்பி வந்தேன்.

1998 இல் பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயனச் செய்முறை வகுப்பு. எங்கள் இரத்தத்தை நாங்களே எடுத்துக் கொலஸ்ட்ரோல் அளந்தோம். தோழிகளுக்கு 160, 180 என்று வந்தது. எனக்கு 340. கருவி பிழை என்று நினைத்து மறுபடி செய்தோம். மறுபடியும் அதே எண். விரிவுரையாளர் என்னை அருகில் கூப்பிட்டு, "அப்பா இருக்கிறாரா?" என்று கேட்டார். பிறகு என் குதிகாலைப் பார்த்தார்.

அன்றுதான் அந்த நோயின் பெயரைக் கேட்டேன். பரம்பரைக் கொலஸ்ட்ரோல் மிகைப்பு. உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இது அரிய நோய் அல்ல. ஆயிரம் பேர் வாழும் ஒரு தோட்டத்தில் மூன்று நான்கு பேருக்கு இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிகிச்சை இல்லாவிட்டால் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஐம்பது வயதுக்குள் இதயநோய் வந்துவிடும். பெண்களுக்குச் சற்றுப் பிந்தி வரும், அவ்வளவுதான்.

இனி ஈரலுக்கு வருகிறேன்.

கொலஸ்ட்ரோல் தண்ணீரில் கரையாது. ஆகவே இரத்தத்தில் அது தனியாகப் போவதில்லை. ஒரு பெரிய புரதம் சுற்றிக் கட்டிய சிறு பொதியாகப் போகிறது. அந்தப் பொதிக்குத்தான் எல்.டி.எல். என்று பெயர். உங்கள் ரிப்போர்ட்டில் வரும் எல்.டி.எல். அதுதான். இந்தப் பொதிகளை இரத்தத்தில் இருந்து அள்ளி எடுக்கும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது ஈரல்.

அப்பாயிக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். இரத்தத்தை ஒரு மலை என்று வையுங்கள், எல்.டி.எல்.தான் கொழுந்து. ஈரல் கலத்தின் மேற்பரப்பில் கூடைகள் இருக்கின்றன. விஞ்ஞானத்தில் இவற்றை வாங்கிகள் என்போம். கூடை கொழுந்தைப் பிடித்து உள்ளே போகிறது. மடுவத்தில் கொட்டுவது போல உள்ளே கொட்டிவிட்டு, வெறுங்கூடையாகத் திரும்ப மலைக்கு வருகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து நிமிடம். ஏறத்தாழ இருபது மணி நேரம் உழைத்துவிட்டுக் கூடை ஓய்ந்து போகும். அதற்குள் நூறு தடவைக்கு மேல் போய் வந்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் அந்தக் கூடையைப் பின்னும் பரம்பரையலகு இரண்டில் ஒன்று பழுது. ஆகவே பாதிக் கூடைதான் இருக்கிறது. பறிக்காமல் விட்ட கொழுந்து முற்றிப் போவது போல, இரத்தத்தில் நெடுநேரம் சுற்றும் எல்.டி.எல். கெட்டு, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் சுவரில் படிகிறது. குதிகால் நரம்பிலும் கண் இமையிலும் படிகிறது. அப்பாவின் "அதிர்ஷ்டம்" அதுதான்.

இந்தக் கூடையைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டலஸ் நகரில் வேலை செய்த மைக்கல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இருவர். 1970களில் கண்டார்கள், 1985 இல் நோபல் பரிசு பெற்றார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான அலகைப் பெற்ற பிள்ளைகளை ஆராய்ந்தே இதைக் கண்டார்கள். அத்தகைய பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம். ஸ்டோர்மி ஜோன்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு 1984 பெப்ரவரியில் பிட்ஸ்பர்க் நகரில் இதயத்தோடு ஈரலையும் சேர்த்து மாற்றினார்கள். ஆயிரத்துக்கு மேல் இருந்த அவளுடைய கொலஸ்ட்ரோல் புதிய ஈரல் வந்ததும் வெகுவாக இறங்கியது. இந்த நோயின் திறவுகோல் ஈரலில்தான் இருக்கிறது என்பதை அந்தக் குழந்தை உலகத்துக்குக் காட்டினாள். 1990 இல், 13 வயதில் அவள் காலமானாள்.

மருந்து எங்கிருந்து வந்தது? அரிசியில் பிடித்த பூஞ்சணத்தில் இருந்து. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆறாயிரம் வகையான பூஞ்சணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1973 இல் முதலாவது ஸ்டட்டின் சேர்வையைக் கண்டெடுத்தார். ஸ்டட்டின் வகையில் முதல் மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது 1987 இல். என் அப்பா போய் ஒரு வருடத்தின் பின். அந்த ஆண்டை எப்போது வாசித்தாலும் எனக்கு மனம் ஒருமாதிரி ஆகிவிடும்.

ஸ்டட்டின் செய்யும் வேலை இதுதான். ஈரல் கலம் தனக்கு வேண்டிய கொலஸ்ட்ரோலைத் தானே தயாரிக்கும். அந்தத் தயாரிப்பை மருந்து குறைக்கிறது. பற்றாக்குறை வந்ததும் கலம், "வெளியில் இருந்தாவது அள்ளிவருவோம்" என்று அதிகக் கூடைகளைப் பின்னி மேற்பரப்புக்கு அனுப்புகிறது. இரத்தத்தில் எல்.டி.எல். குறைகிறது. குளிசை ஈரலைக் கெடுத்துவிடும் என்று நம் லயங்களில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் அந்தக் குளிசை ஈரலைத் தன் வேலையைக் கூடுதலாகச் செய்ய வைக்கிறது. சிலருக்குத் தசைவலி வரலாம், ஈரல் பரிசோதனையில் சிறு மாற்றம் தெரியலாம். பாரதூரமான ஈரல் பாதிப்பு மிக அரிது. எது வந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

அடுத்த கட்டம் 2003 இல் ஆரம்பித்தது. பிரான்சிலும் கனடாவிலும் வேலை செய்த குழுக்கள் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தை அடையாளம் கண்டன. இது இரத்தத்தில் சுற்றும் ஒரு குழப்பக்காரப் புரதம். கூடையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கூடை மடுவத்தில் கொட்டிவிட்டுத் திரும்பி வராது. கொழுந்தோடு சேர்த்துக் கூடையையும் அடுப்பில் போட்டது போல் ஆகிவிடும். இந்தப் புரதம் இயல்பாகவே வேலை செய்யாத சிலரை டலஸில் ஹெலன் ஹொப்ஸ், ஜொனதன் கோஹன் ஆகியோர் தேடிக் கண்டார்கள். அவர்களுக்கு இதயநோய் மிக மிகக் குறைவு. பெற்றோர் இருவரிடமிருந்தும் வேலை செய்யாத அலகைப் பெற்ற ஒரு பெண்ணின் எல்.டி.எல். வெறும் 14. அவர் நல்ல சுகமாக இருந்தார்.

அப்படியானால் அந்தக் குழப்பக்காரனைப் பிடித்து வைத்தால் என்ன? அதற்கான பிறபொருளெதிரி ஊசிகள் இரண்டு 2015 இல் வந்தன. பிறகு இன்க்ளிசிரான் என்ற ஊசி வந்தது. அது பி.சி.எஸ்.கே.9 புரதம் ஈரலில் உருவாவதையே தடுக்கிறது. ஆரம்ப ஊசிகளுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒன்று போதும். 2020 இல் ஐரோப்பாவிலும் 2021 இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

இந்த ஊசி ஈரலைத் தேடிப் போகும் வழி சுவையானது. அதன் நுனியில் கலக்டோஸ் இனத்துச் சீனி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். கில்பர்ட் ஆஷ்வெல், அனட்டோல் மோரெல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960களில் இரத்தப் புரதம் ஒன்றின் நுனிச் சீனியை வெட்டிவிட்டு, அதை முயலின் இரத்தத்தில் செலுத்தினார்கள். பல மணி நேரம் சுற்ற வேண்டிய புரதம் சில நிமிடங்களில் காணாமல் போயிற்று. தேடினால் ஈரலில் இருந்தது. நுனி வெட்டப்பட்டதும் உள்ளே இருந்த கலக்டோஸ் வெளியே தெரிந்திருக்கிறது. அந்தச் சீனியைக் கண்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும் வேறொரு வகைக் கூடை ஈரலில் இருக்கிறது. வயதான புரதங்களை ஒதுக்குவதற்கு இயற்கை வைத்த வழிகளில் ஒன்று.

இன்றைய புதுமை இதன் மேல்தான் நிற்கிறது. இரண்டு கையுள்ள ஒரு மூலக்கூறைச் செய்கிறார்கள். ஒரு கை இரத்தத்தில் சுற்றும் கெட்ட புரதத்தைப் பிடிக்கும். மற்றக் கையில் அந்தச் சீனி இருக்கும். ஈரலின் கூடை சீனியைப் பிடித்து இழுக்க, கெட்ட புரதமும் கூடவே உள்ளே போய் அங்கே சிதைக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கரோலின் பெர்டோசியின் குழுவும், யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்பீகலின் குழுவும் 2021 இல் இப்படிப்பட்ட மூலக்கூறுகளைப் பற்றி எழுதினார்கள். பெர்டோசி 2022 இல் வேறொரு கண்டுபிடிப்புக்காக இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இங்கே இருக்கும் மாணவிகள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதனால் யாருக்குப் பயன்? சிலருடைய உடலில் பிறபொருளெதிரிகளே வழி தவறிச் சொந்த உறுப்புகளைத் தாக்கும். தசைகளைத் தளர்த்தி இமையைத் தொங்கவிடும் மயஸ்தீனியா அப்படிப்பட்டது. ஐ.ஜி.ஏ. சிறுநீரக நோயில் பழுதான ஒரு பிறபொருளெதிரி சிறுநீரகத்தில் போய்ப் படிகிறது. இவற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளில் சில உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பரவலாக அடக்குபவை. கெட்டதை மட்டும் பொறுக்கி ஈரலிடம் ஒப்படைக்க முடிந்தால் அது பெரிய மாற்றம். மனிதரில் பரிசோதனைகள் நடக்கின்றன. இன்னும் இது கடையில் வாங்கும் மருந்து அல்ல. "ஈரலைச் சுத்தமாக்கும்" என்று யாராவது போத்தலில் ஏதாவது விற்றால் அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தங்கைமாரே, இவ்வளவும் விஞ்ஞானம். இனி, நான் பேச வந்த விஷயம்.

1998 இல் எனக்கு நோய் தெரிந்ததும் தோட்டத்தில் இருந்த அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். "இரத்தத்தில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே ஒரு வரி. அண்ணன் பதில் எழுதினார்: "ஐம்பது கிலோ கூட இல்லாத எனக்கு என்ன கொழுப்பு? படித்து உனக்குத்தான் கொழுப்பு ஏறிவிட்டது." சிரித்தேன். விட்டுவிட்டேன். நான் குளிசையைத் தொடங்கினேன், ஒழுங்காக எடுத்தேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவருடைய குதிகால் என் கண்ணில் பட்டது. "வாங்க அண்ணா, பதுளைக்குப் போய் இரத்தம் குத்தலாம்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். ஒருநாள் பேர் போய்விடும் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. மெலிந்தவருக்கும் வரும், சாப்பாட்டால் மட்டும் வருவதல்ல, அப்பாவிடமிருந்து வந்தது என்று உட்கார வைத்து விளக்கவில்லை. 2009 இல், 41 வயதில், அண்ணனும் போய்விட்டார்.

அப்பா போனபோது மருந்து இல்லை. அண்ணன் போனபோது மருந்து இருந்தது. அரசாங்கக் கிளினிக்கில் காசில்லாமல் கொடுக்கப்பட்டது. அவருக்குப் போய்ச் சேராதது மருந்து அல்ல, சொல். அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டியவள் நான்.

அண்ணனின் மூன்று பிள்ளைகளையும் அடுத்த மாதமே அழைத்துச் சென்று இரத்தம் பார்த்தோம். இருவருக்கு இருக்கிறது, ஒருவனுக்கு இல்லை. மூத்தவள் இதே பாடசாலையில் படித்தவள். அவளுடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பல வருடமாகக் குளிசை எடுக்கிறாள். 2022 இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வெளிநாட்டில் இருந்த அவளுடைய வகுப்புத் தோழிகள்தான் அனுப்பி வைத்தார்கள். கடந்த ஆண்டு திருமணமானவள், குழந்தைக்கு ஆயத்தமாகும்போது இந்தக் குளிசையை என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் தானே போய்க் கேட்டிருக்கிறாள். கருவுற நினைக்கும் பெண்கள் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி அது.

கதை இத்தோடு முடியவில்லை. அப்பாவின் அக்கா, 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார். கடிதங்கள் நின்று பல வருடமாகியிருந்தது. தேடிப்பிடித்து அங்கே பேசியபோது, அத்தையின் இரண்டு மகன்மார் நாற்பதுகளில் மாரடைப்பால் போயிருந்தார்கள் என்று தெரிந்தது. ஒப்பந்தம் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தது. நோய் இரண்டு பக்கமும் போயிற்று, செய்தி மட்டும் போகவில்லை. நம்மில் எத்தனை குடும்பங்கள் இப்படி? ஊவாவில் ஒரு பாதி, நீலகிரியில் ஒரு பாதி, இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மீதி.

புதிய ஊசிகள் நம் தோட்டங்களுக்கு வருமா என்று கேட்பீர்கள். 2015 இல் வந்த ஊசிக்கு அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 14,000 டொலர் என்று விலை வைத்தார்கள். 2018 இல் ஒன்றின் விலையை 6,000 டொலருக்குக் கீழே இறக்கினார்கள். அதுவும் நமக்கு எட்டாத விலைதான். ஆனால் இந்த ஊவா மாகாணத்துக்கு ஒரு பெருமை உண்டு. பெயரிலேயே நம் பிபிலை ஊரைச் சுமந்த பேராசிரியர் சேனக பிபிலே, 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தார். கம்பெனிப் பெயருக்காக அல்ல, மருந்துக்காக மட்டும் காசு கொடுப்போம் என்று வாங்கிக் காட்டினார். 1977 இல் அவர் காலமானார். அவருடைய வழியைப் பல நாடுகள் எடுத்துப் பார்த்தன. ஒருகாலத்தில் விலை உயர்ந்ததாக இருந்த ஸ்டட்டின் குளிசை இன்று கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. மற்றவையும் ஒருநாள் அப்படி இறங்கலாம். அதைக் கேட்கத் தெரிந்த சனங்கள் இருந்தால்தான் இறங்கும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து உங்கள் குடும்ப மரத்தைக் கீறுங்கள். அப்பா பக்கம், அம்மா பக்கம், இரண்டும். ஆண்களில் 55 வயதுக்கு முன், பெண்களில் 60 வயதுக்கு முன் மாரடைப்பு வந்தவர்களை வட்டம் போடுங்கள். "திடீரென்று போயிட்டார்" என்று சொல்லப்பட்டவர்களையும் சேருங்கள். வட்டம் இருந்தால் நீங்கள் எல்.டி.எல். பாருங்கள். 190 க்கு மேல் இருந்தால், அல்லது குதிகால் நரம்பு தடித்திருந்தால், டாக்டரிடம் "இது பரம்பரையாக இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உங்களுக்கு இருக்கிறது என்றால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

ஒரு வரிக் கடிதமாகச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருந்து, விளங்கும்வரை சொல்லுங்கள். அவர் சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு, மறுபடி சொல்லுங்கள். ஒருநாள் பேர் போகும் என்றால் அந்த நாட்கூலியைக் கொடுத்து அழைத்துப் போங்கள். வெளிநாட்டில் இருக்கும் அக்காமாரே, பரிசோதனைக்கு ஆகும் செலவு உங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. நம் சங்கம் இந்த நூற்றாண்டு ஆண்டில் அப்படி ஒரு நிதியைத் தொடங்கலாமா என்று கேட்டு, என் அண்ணனின் பெயரால் முதல் பங்கை இங்கேயே பொருளாளரிடம் ஒப்படைக்கிறேன்.